வண்டியின் வலிமையும் வாக்கின் நாணயமும்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட் நகரை ஒட்டினாற்போல் அமைந்திருப்பது டியர்பார்ன் நகரம். 2024 ஆம் ஆண்டு மே மாத இறுதியில், அங்கு வாழும் என் சாச்சா மகனின் இல்லத்தில் சில வாரங்கள் தங்கும் வாய்ப்பினை அல்லாஹ் எனக்கு அருளினான். அந்நாட்களில் அங்கே இரவு ஒன்பது மணியளவில்தான் மஃரிப். அஸருக்கும் மஃரிபுக்கும் இடையே நீண்டு கிடக்கும் அந்தப் பொழுதில்தான் தம்பி என்னை அழைத்துக்கொண்டு வண்டி தேடப் புறப்படுவான்.

தேடியது பிக்கப் எனப்படும் பாரவண்டி. நம்மூர்க் 'குட்டி யானை'யை மனத்திற் கொண்டு இதனைக் கற்பனை செய்தல் ஆகாது. பின்னச்சில் நான்கு சக்கரங்கள், டீசல் இயந்திரம், பின்னால் கொளுவிய தொடர்வண்டியில் இரண்டு மூன்று கார்களை ஏற்றி ஊர்விட்டு ஊர் இழுத்துச் செல்லும் ஆற்றல். ஏலத்தில் எடுக்கப்படும் கார்களை வியாபாரிகளிடம் கொண்டு சேர்ப்பதே தம்பியின் தொழில். இரண்டாண்டுகளுக்கு முன் பளபளப்பையும் குதிரைத்திறன் கணக்கையும் கண்டு ஒரு பழைய வண்டியை வாங்கினான். நான்காம் மாதமே இன்ஜெக்டர்கள் பழுதாகி, வண்டியின் விலையில் பாதிக்கு மேல் பழுதுபார்க்கும் செலவுக்கே போயிற்று. வட்டிக்குக் கடன் வாங்குவதில்லை என்னும் உறுதியுடையவன். இம்முறை கையில் இருந்ததோ சேமிப்பின் மிச்சமும், மனைவி கழற்றிக் கொடுத்த வளையல்களை விற்ற பணமும் மட்டுமே. இன்னொரு முறை ஏமாந்தால் தொழிலே இல்லை.

"காக்கா, எனக்கு வண்டி தெரியும், ஆள் தெரியாது. நீங்கள் ஆளைப் பாருங்கள்" என்றான் அவன்.

வண்டி தேடுவதற்கு டியர்பார்னைவிடப் பொருத்தமான ஊர் உலகில் வேறொன்று இருக்குமா என்பது ஐயமே. ஃபோர்டு நிறுவனத்தின் தலைமையகம் இங்கேதான் உள்ளது. 1917 ஆம் ஆண்டு கட்டத் தொடங்கப்பட்ட ரூஜ் தொழிற்சாலையில் ஒருபுறம் இரும்புத்தாது வந்திறங்க, மறுபுறம் கார் உருண்டு வெளியேறிய காலம் உண்டு. 1914 ஆம் ஆண்டு ஹென்றி ஃபோர்டு அறிவித்த ஐந்து டாலர் நாட்கூலியைக் கேள்வியுற்றுப் பல நாட்டாரும் டெட்ராய்ட்டுக்குத் திரண்டனர். அரபு முஸ்லிம்களும் வந்தனர். அவருடைய ஹைலண்ட் பார்க் தொழிற்சாலைக்கு அருகே 1921 ஆம் ஆண்டிலேயே ஒரு பள்ளிவாசல் எழுந்தது. தொழிலாளர் ரூஜுக்கு இடம்பெயர, முஸ்லிம்களும் டியர்பார்னுக்குக் குடிபெயர்ந்தனர். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்நகரத்தாரில் பாதிக்கு மேற்பட்டோர் மத்தியக் கிழக்கு, வட ஆப்பிரிக்க மரபினர் எனப் பதிவாயிற்று. ஆலைப் புகைபோக்கிகளுக்கு அருகே, டிக்ஸ் சாலையில் உள்ள பழைய பள்ளிவாசலில் யமன் நாட்டுச் சகோதரர்களுடன் தோளோடு தோள் சேர்ந்து தொழுதபோது என் கண்கள் கசிந்தன.

பாரவண்டிக் களத்தில் போட்டியிடுவோர் மூவர்: ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ், ராம். ஃபோர்டின் கனரக வண்டிகள் கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரிலும், ஜெனரல் மோட்டார்ஸின் வண்டிகள் டெட்ராய்ட்டிலிருந்து ஏறத்தாழ 110 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஃபிளின்ட் நகரிலும், ராம் வண்டிகள் மெக்சிகோவின் சால்ட்டில்யோவிலும் உருவாகின்றன. ராம் வண்டியின் இயந்திரத்தைச் செய்து தருவது இந்தியானா மாநிலத்துக் கொலம்பஸ் நகரைச் சேர்ந்த கம்மின்ஸ் நிறுவனம். நம்மூர் ஜெனரேட்டர்களில் நாம் காணும் அதே பெயர்தான்.

இங்குள்ளோர் இம்மூன்றில் ஒன்றைப் பற்றிக்கொண்டு மற்றவற்றைத் தூற்றுவதைக் கேட்டால் குலச்சண்டையோ என்று தோன்றும். தந்தை ஓட்டிய வண்டியையே மகனும் புகழ்கிறான். தம்பி சென்ற விடமெல்லாம் மூவிதமான தீர்ப்புகள் கிடைத்தன.

இந்தக் குழப்பத்தைத் தீர்த்தவர் டிக்ஸ் சாலைப் பள்ளிவாசலில் அறிமுகமான ஒரு யமன் நாட்டு மெக்கானிக். நான் கற்றதோ ஏட்டு அரபி. அவர் பேசுவதோ ஊர் அரபி. எனினும் இரண்டும் ஒருவாறு கைகோத்து நடந்தன. "எந்த நிறுவனம் என்று கேட்காதீர்கள், எந்த ஆண்டு என்று கேளுங்கள்" என்றார் அவர். பிறகு பாடம் நடத்துவதுபோல் ஒவ்வொன்றாக விளக்கினார்.

1989 ஆம் ஆண்டு மாதிரியாக வந்த டாட்ஜ் ராம் வண்டியில் முதன்முதலாகப் பொருத்தப்பட்ட 5.9 லிட்டர் கம்மின்ஸ் இயந்திரத்தின் ஆற்றல் வெறும் 160 குதிரைத்திறன்தான். ஆனால் ஆறு சிலிண்டர்களும் ஒரே வரிசை, வார்ப்பிரும்பு உடல், சங்கிலிக்குப் பதிலாகப் பற்சக்கரங்கள், மெதுவான சுழற்சி. கெடுவதற்கு உறுப்புகள் குறைவாதலின் நெடுங்காலம் உழைத்தது. அதே இயந்திரத்திற்கு 1998 ஆம் ஆண்டு புதிய வகை டீசல் பம்ப் வந்தது. தன் உள்ளே ஓடும் டீசலாலேயே குளிர்ச்சியும் வழவழப்பும் பெறும் பம்ப் அது. டாங்கியிலிருந்து டீசலைத் தள்ளிவிடும் சிறிய பம்ப் தளர்ந்தால் பெரிய பம்ப் வறண்டு தேய்ந்து போகும். அந்தக் காலத்து வண்டிகளில் இயந்திரம் திடமாயிருக்க, தானியங்கி கியர்பாக்ஸ் முந்திக்கொண்டு கெடுவதும் வழக்கம்.

ஃபோர்டின் கதை இன்னும் படிப்பினை மிக்கது. 1994 முதல் 2003 வரை வந்த 7.3 லிட்டர் இயந்திரத்தை இன்றும் தேடி வாங்குகிறார்கள். அடுத்து வந்த 6.0 லிட்டர் இயந்திரமோ ஆயில் கூலர் அடைப்பு, புகைச்சுழற்சிக் குளிர்விப்பானின் வெடிப்பு, ஹெட் கேஸ்கட் பழுது என்று பெயரைக் கெடுத்துக்கொண்டது. இரண்டையும் செய்து கொடுத்தது ஒரே நிறுவனம், நாவிஸ்டார்! உத்தரவாதச் செலவு யாரைச் சேர்ந்தது என்று ஃபோர்டு 2007 இல் அதன்மீது வழக்குத் தொடுக்க, 2009 இல் சமரசமாயிற்று. 2011 மாதிரியிலிருந்து ஃபோர்டு தன் சொந்த 6.7 லிட்டர் இயந்திரத்தையே பொருத்தி வருகிறது.

ஜெனரல் மோட்டார்ஸ் ஜப்பானின் இசுஸுவுடன் கூட்டுச் சேர்ந்து 2001 மாதிரியில் டியூராமேக்ஸ் இயந்திரத்தைத் தந்தது. அதனுடன் வந்த அலிசன் கியர்பாக்ஸ் இழுவைக்குப் பேர்போனது. ஆனால் 2001 முதல் 2004 வரையிலான வண்டிகளில் இன்ஜெக்டர்கள் கசிந்தமையால், அவற்றுக்கான உத்தரவாதத்தை ஏழாண்டு அல்லது 2,00,000 மைல் என அந்நிறுவனமே நீட்டிக்க நேர்ந்தது.

அப்போது போட்டி எங்கே நின்றது? 2024 மாதிரிகளில் அதிகபட்சமாக ஃபோர்டு 500 குதிரைத்திறனும், டியூராமேக்ஸ் 470 உம், கம்மின்ஸ் 420 உம் தந்தன. முறுக்குவிசையில் முறையே 1,200, 975, 1,075 பவுண்டு-அடி. விளம்பரங்கள் இத்தகைய எண்களைத்தான் முழங்குகின்றன. எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதை எந்த விளம்பரமும் முழங்குவதில்லை.

இந்த முழக்கத்தின் மறுபக்கத்தையும் மெக்கானிக் சொன்னார். காற்று மாசைக் குறைக்க 2007 க்குப் பின் புகை வடிகட்டியும், 2010 க்குப் பின் படிப்படியாக யூரியாக் கரைசலும் வந்தன. இவை நன்மைக்கே, ஆயினும் பழுதாகும் உறுப்புகளும் பெருகின. சோதனையின்போது சட்டத்திற்குட்பட்டும், சாலையில் ஓடும்போது அளவு மீறியும் புகை விடுமாறு மென்பொருள் அமைத்ததாக அமெரிக்க அரசு கம்மின்ஸ் மீது குற்றஞ்சாட்டியது. 2013 முதல் 2019 வரையிலான ஏறத்தாழ 6,30,000 ராம் வண்டிகள் அதில் அடங்கும். 2023 டிசம்பரில் அறிவிக்கப்பட்ட உடன்பாட்டின்படி, குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலேயே அந்நிறுவனம் 167.5 கோடி டாலர் தண்டம் செலுத்த இசைந்தது. தூய காற்றுச் சட்டத்தின் கீழ் அதுவரை விதிக்கப்பட்டவற்றுள் மிகப் பெரிய தண்டம் அதுவே.

இதைக் கேட்டபோது, கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கையை நுழைத்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் விரல்களில் ஈரம் பட்ட நிகழ்ச்சி என் நினைவுக்கு வந்தது. மேலே காய்ந்த மணி, உள்ளே நனைந்த மணி. அந்த ஈரத்தை வாங்குவோர் காணும்படி மேலே வைத்திருக்க வேண்டும் என்பதன்றோ வணிகனுக்கு அன்று கிடைத்த அறிவுரை! அளவில் மோசடி செய்வோரைப் பற்றித் திருக்குர்ஆனில் ஓர் அத்தியாயமே அவர்தம் பெயரில் இருப்பதையும் எண்ணிப் பார்த்தேன். அன்று மரக்காலும் தராசும், இன்று மென்பொருள்.

புறப்படும்போது மெக்கானிக் தம் கொட்டகையின் பின்புறம் நின்ற ஒரு வண்டியைக் காட்டினார். விற்பனைக்கு உரியது, வயது இருபதுக்கு மேல். அவர் முதலில் புகழவில்லை. வண்டியைத் தூக்கியில் ஏற்றி, கீழே நின்று விளக்கைப் பிடித்தார். மிச்சிகனில் குளிர்காலப் பனியை உருக்கச் சாலையில் உப்பைத் தூவுவார்கள். அது வண்டியின் அடிப்பாகத்தை அரித்துவிடும். "இந்தப் பிரேக் குழாய்கள் அரித்துவிட்டன. இவற்றை மாற்றாமல் சாவியைத் தரமாட்டேன். இங்கே பின் சீலில் எண்ணெய் கசிகிறது. டீசல் தள்ளும் பம்ப் இன்னும் ஓராண்டு தாங்கலாம், தாங்காமலும் போகலாம், அதற்காக விலையில் கழித்துக்கொள்கிறேன்" என்றார். பின்னரே சேஸிஸைச் சுத்தியலால் தட்டிக் காட்டினார், கணீரென்றது. மறுநாள் ஃபஜ்ருக்குப் பின், இயந்திரம் குளிர்ந்திருக்கும்போதே நாங்களே வந்து கிளப்பிப் பார்க்கவும் சொன்னார்.

தம்பி என் முகத்தைப் பார்த்தான். "வாங்கு" என்றேன்.

எந்த நிறுவனத்து வண்டி அது என்று வாசக நேயர்கள் கேட்கக்கூடும். அதைச் சொன்னால் நானும் ஒரு குலத்தில் சேர்ந்தவனாவேன். மூன்றிலும் நல்ல ஆண்டுகள் உண்டு, தீய ஆண்டுகள் உண்டு. பேணியவன் கையும் விற்பவன் நாவும்தான் மிகுதியைத் தீர்மானிக்கின்றன.

ஓராண்டு கழித்துத் தம்பி தொலைபேசியில் பேசினான். வண்டி ஓடுகிறது. வளையல்களில் இரண்டைத் திரும்ப வாங்கிவிட்டானாம், அல்ஹம்துலில்லாஹ். பழுதே வரவில்லையா என்று கேட்டேன்.

"டீசல் பம்ப் போனது காக்கா. அதுதான் அவர் முன்பே சொன்னாரே!" என்றான். அவன் குரலில் வருத்தமே இல்லை.