கானின் அடியில் இரண்டு விரல்

வைகாசி மாதம். கடல் அடங்கிக் கிடந்தது. திருகோணமலையில் சல்லி முத்துமாரியம்மன் கோயிலைத் தாண்டிக் கரைக்கு நான் போனபோது போட்கள் தொழில் முடிந்து ஏறியிருந்தன. மீன் பெட்டிகளைச் சுற்றிக் கூட்டம். நான் தேடிப் போனது எண்ணெய்க் கானை.

போட் நிழலில் ஒரு பெரியவர் 25 லீற்றர் பிளாஸ்டிக் கான் ஒன்றை மடியில் வைத்திருந்தார். மூடியில் துளையிட்டு, செப்புக் குழாய் இறக்கி, சுற்றிலும் பசை வைத்து இறுக்கிக்கொண்டிருந்தார். கம்பனித் தாங்கி வெடித்துப்போனதால் கையாலேயே செய்துகொள்ளும் தாங்கி அது. குழாய் கானின் அடியைத் தொடவில்லை.

"இன்னும் கொஞ்சம் கீழே இறக்க ஏலாதா, அண்ணை?"

"இறக்கினா மண்டியும் தண்ணியும்தான் முதல்ல ஏறும், தம்பி. ரெண்டு விரல் விட்டு வெட்ட வேணும்."

மண்ணெண்ணெய் தண்ணீரைவிட இலேசானது. கானுக்குள் வேர்த்த நீரும் அலை தெறித்த நீரும் அடியில் போய்த் தங்கும். அது எஞ்சினுக்குள் ஏறினால் நடுக்கடலில் எஞ்சின் நின்றுவிடும். கச்சான் காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசுகிற மாதங்கள் இவை. எஞ்சின் நின்ற போட்டைக் காற்று வெளிக்கடலுக்கே இழுத்துப் போகும். அதனால்தான் அந்த இரண்டு விரல். ஆனால் அந்த இரண்டு விரல் எண்ணெய் கானுக்குள் இருந்தும் இல்லாத எண்ணெய்.

எவ்வளவு என்று கேட்டேன். "அளந்து பாப்பம்" என்றார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது அந்தச் சொல்லால்தான்.

போட் ஓடும்போது அணியம் மேலே தூக்கி நிற்கும். அதற்கு ஏற்றாற்போல் கானின் ஒரு பக்கத்துக்குக் கீழே கட்டை வைத்தோம். கானின் மூடி நடுவில் இல்லை, ஓர் ஓரத்தில் இருக்கிறது. முதலில் மூடியை அணியத்துப் பக்கமாக வைத்து, ரப்பர் குமிழை அமுக்கிக் காற்று வரும்வரை உறிஞ்சினோம். மிச்சத்தைப் போத்தலில் ஊற்றினால் மூன்றரை லீற்றருக்கு மேல். அதே கானைத் திருப்பி, மூடியைப் பின்பக்கமாக வைத்துத் திரும்பவும் பார்த்தோம். ஒரு லீற்றர்கூட மிஞ்சவில்லை. கானும் குழாயும் மாறவில்லை, வைத்த விதம்தான் மாறியது. 25 குதிரைவலு எஞ்சின் முழு வேகத்தில் ஓடினால் இந்த வித்தியாசம் ஏறத்தாழக் கால் மணி நேர ஓட்டம். கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் அந்தக் கால் மணி நேரம் எவ்வளவு பெரியது என்று கடலுக்குப் போகிறவர்களுக்குத் தெரியும்.

நாங்கள் அளந்துகொண்டிருந்தபோது சீனக்குடா விமானத்தளப் பக்கமிருந்து ஒரு விமானம் தலைக்கு மேலே போயிற்று. நான் இந்தக் கேள்வியோடு வந்ததே விமானத்தால்தான். வீட்டுக் கொட்டகையில் தாமே விமானம் கட்டுகிறவர்கள் உலகில் பலர். வரைபடத்தில் எத்தனை லீற்றர் எழுதியிருந்தாலும், கையால் கட்டிய தாங்கி அப்படியே அமையாது. ஆகவே மூக்கு மேலே தூக்கிய நிலையிலும் கீழே சாய்ந்த நிலையிலும் விமானத்தை நிறுத்தி, எரிபொருளை வடியவிட்டு, வராமல் தங்குவதை அளக்க வேண்டும். எந்த நிலையில் அதிகம் தங்குகிறதோ, அதுதான் கணக்கு. தங்கும் அளவுக்கு எரிபொருள் இறங்கியதும் மானி பூச்சியம் காட்ட வேண்டும் என்பது பெரிய விமானங்களுக்கான அமெரிக்க விதி.

அமெரிக்கப் பாடகர் ஜோன் டென்வர், வேறொருவர் கையால் கட்டிய லோங் ஈஸி விமானத்தை வாங்கிப் பறந்தார். தாங்கி மாற்றும் பிடியைக் கட்டியவர் விமானியின் இடது தோளுக்குப் பின்னால் வைத்திருந்தார். எரிபொருள் மட்டத்தைக் காட்டும் கண்ணாடிகளும் பின்னால்தான் இருந்தன, அவற்றில் அளவுக்கோடு இல்லை. 1997 அக்டோபர் 12 அன்று டென்வர் எரிபொருள் நிரப்பாமல் கிளம்பினார். மொன்டரே விரிகுடாவில் விழுந்து இறந்தார். பிடியைத் திருப்பப் போய்க் கட்டுப்பாட்டை இழந்தார் என்றது விசாரணை. பிடி இருந்த இடத்தையும் கோடில்லாத கண்ணாடியையும் அது காரணங்களோடு சேர்த்துச் சொன்னது.

பெரியவரிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "கட்டினவனுக்குத் தெரிஞ்சிருக்கும். வாங்கினவனுக்கு ஆர் சொல்றது?" என்றார்.

தங்கும் எண்ணெய்க்கு ஒரு காசுக் கணக்கும் உண்டு. இங்கே 2022 ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாவானது. அந்த விலைக்கு, அடியில் தங்கும் மூன்று லீற்றர் ஆயிரம் ரூபாவுக்கு மேல். காசுக் கணக்கு எல்லோருக்கும் உடனே புரிகிறது. உயிர்க் கணக்கும் அதே கானுக்குள்தான் இருக்கிறது. கான் செய்து கொடுக்கிறவர்களே, அளந்து பாருங்கள். எண்ணெய் வராமல் நிற்கும் மட்டத்தில் வெளியே தெரியும்படி ஒரு கோடு கீறி, எந்தப் பக்கம் அணியத்தைப் பார்க்க வேண்டும் என்று ஓர் அம்புக்குறியும் போட்டுக் கொடுங்கள். நாளைக்கு அந்தக் கானோடு கடலுக்குப் போகிறவன் உங்கள் மகனாக இருக்கலாம், உங்களை அறியாத ஒருவனாகவும் இருக்கலாம்.