அம்மாவின் காதும் சென்டர் ஸ்பீக்கரும்

ரொம்ப நாளா எதுவும் எழுதல. ஆணி அதிகம். இப்ப எழுத உக்காந்ததுக்குக் காரணம் ஒரு அரை இஞ்ச் செம்புக் கம்பி. பொறுமையாப் படிங்க மக்களே, கடைசியில உபயோகமா கொஞ்சம் டிப்ஸும் இருக்கு :-)

நம்ம ஊர் திருமலைராயன்பட்டினம். காரைக்காலுக்கும் நாகூருக்கும் நடுவுல. கவி காளமேகம் கோவத்துல, மண்மாரி பெய்யட்டும்னு சாபம் விட்டுப் பாடின ஊருன்னு கேள்விப்பட்டிருப்பீங்க. மண்மாரியை நான் பார்த்ததில்ல. உப்புக்காத்தை நல்லாவே பார்த்திருக்கேன். சைக்கிள் செயின், ஜன்னல் கம்பி, கேட்டுத் தாழ்ப்பாள்னு எதையும் அது விட்டு வச்சதில்ல.

2013-ல முதல் போனஸ் வாங்கின ஜோர்ல வீட்டுக்கு ஒரு 5.1 ஹோம் தியேட்டர் வாங்கிப் போட்டேன். குருதிப்புனல் வந்த 1995-லேர்ந்து டால்பி டால்பின்னு அலைஞ்ச ஜென்மம் நான். அப்பாவுக்கு பழைய பாட்டு, தம்பிக்கு சண்டைப் படம், அம்மாவுக்கு சீரியல். எல்லாருக்கும் அதே பொட்டிதான்.

போன வருஷத்துலேர்ந்து அம்மா ஒரு கேள்வியை அடிக்கடி கேக்க ஆரம்பிச்சாங்க. "என்னடா சொன்னா அவ?" சீரியல்ல மாமியார் ஏதோ சொல்லுவா, அம்மாவுக்குக் கேக்காது. தம்பி எடுத்துச் சொல்லுவான். அப்புறம் அலுத்துப் போய், "காதைக் கொஞ்சம் பாரும்மா"ன்னு சொல்ல ஆரம்பிச்சான். நானும் சென்னையிலேர்ந்து போன்ல அதையேதான் சொன்னேன். வயசு அறுபத்தெட்டு ஆச்சு, இருக்கும்தானேன்னு எங்களுக்கு ஒரு நெனப்பு. மெஷின் என்ன விலைன்னு விசாரிக்கற வரைக்கும் போயிட்டோம்.

கொஞ்ச நாள்ல அம்மா கேக்கறதை நிறுத்திட்டாங்க. சரியாயிடுச்சுன்னு நெனச்சோம்.

மாசிமகத்துக்கு ஊருக்குப் போனேன். திருக்கண்ணபுரத்துலேர்ந்து சௌரிராஜப் பெருமாள் எங்க ஊர் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு வருவார். பட்டினச்சேரி ஜனங்க மாப்பிள்ளை வந்துட்டார்னு கொண்டாடுவாங்க. அந்தக் கூட்டத்துலயும் அம்மா என்னோட சாதாரணமாப் பேசிக்கிட்டே வந்தாங்க. மறுநாள் காலைல அடுக்களையில இருந்தபடியே, "மீன்காரம்மா வருது, பாத்திரத்தை எடு"ன்னாங்க. எனக்கு ஒண்ணும் கேக்கல. ரெண்டு நிமிஷம் கழிச்சுத்தான் தெருமுனையில அந்தம்மா திரும்புச்சு.

இந்தக் காதா கேக்காத காது?

அன்னிக்கு சாயங்காலம் சீரியல் நேரத்துல அம்மா டிவி முன்னாடி இல்ல. கொல்லையில உக்காந்து முருங்கைக்கீரை ஆஞ்சிட்டிருந்தாங்க. கேட்டா, "புரியாததை எதுக்குடா பாக்கணும்"னு ஒரே வார்த்தை. எனக்கு சுருக்குனு இருந்துச்சு. இழுத்துட்டு வந்து உக்கார வச்சு, நானும் பக்கத்துல உக்காந்தேன். பத்தாவது நிமிஷம் மாமியார் வாயசைக்கறா, குரல் இல்ல! பின்னணி இசை மட்டும் 'டொய்ங் டொய்ங்'னு ஓடுது. ரெண்டு செகண்ட்ல குரல் திரும்ப வந்துடுச்சு.

இங்க ஒரு சின்ன விளக்கம். 5.1-ல வசனம் பெரும்பாலும் நடுவுல இருக்கற சென்டர் ஸ்பீக்கர்லதான் வரும். சீரியல் வெறும் ஸ்டீரியோதான். ஆனா ரிசீவர்ல டால்பி ப்ரோ லாஜிக் போட்டிருந்தா, இடது வலது ரெண்டுலயும் பொதுவா இருக்கற சத்தத்தை, அதாவது குரலை, நடுவுக்குத் தள்ளிடும். அந்த ஒரு ஸ்பீக்கர் மௌனமானா பாட்டும் இருக்கும், வெடிச்சத்தமும் இருக்கும், பேச்சு மட்டும் காணாமப் போகும். சண்டைப் படம் பாக்கற தம்பி கவனிக்கவே இல்ல. வசனத்துக்காகவே பாக்கற அம்மாதான் கண்டுபிடிச்சாங்க. நாங்க அவங்க காதைக் குத்தம் சொன்னோம்.

ராத்திரியே வேலையில இறங்கினேன். முதல்ல வேற சேனல், அப்புறம் பென் டிரைவ்ல ஒரு படம். எல்லாத்துலயும் அதே கோளாறு, அப்ப செட்டாப் பாக்ஸ் மேல தப்பில்ல. ஆப்டிகல் கேபிளைக் கழட்டித் துடைச்சு மாட்டினேன். டிவியில சவுண்ட் அவுட்புட்டை பிசிஎம்முக்கு மாத்தினேன். ம்ஹூம். ரிசீவர்ல டெஸ்ட் டோன் போட்டா ஒவ்வொரு ஸ்பீக்கரா 'உஸ்ஸ்'னு அழகா வருது, சென்டரும் சேர்த்து. மண்டை காஞ்சு போச்சு.

அப்புறம் கரண்ட்டை அணைச்சுட்டு, ரிசீவர் பின்னாடி இடது வயரையும் சென்டர் வயரையும் இடம் மாத்திச் சொருகினேன். திரும்ப ஆன் பண்ணி ஒரு சண்டைக் காட்சி. இப்பவும் அதே நடு ஸ்பீக்கர்தான் விட்டு விட்டு வருது. அப்ப ரிசீவர் நிரபராதி. வயரோ ஸ்பீக்கரோதான் குற்றவாளி. சப் ஊஃபர் 'தும்'னு அடிச்சு ஸ்டாண்ட் அதிரும்போதுதான் சத்தம் போகுதுன்னும் அப்பத்தான் புரிஞ்சுது. அதிர்வே இல்லாத டெஸ்ட் டோன்ல மாட்டாம தப்பிச்சது அதனாலதான்.

ஸ்பீக்கர் பின்னாடி கிளிப்பை அமுக்கி வயரை உருவினா, நுனி பச்சைப் பசேல்னு இருக்கு. டார்ச் பிடிச்சிட்டு நின்ன அம்மா எட்டிப் பார்த்து, "களிம்புடா இது. செப்புக்குடத்துல ஏறுமே. புளி போட்டுத் தேய்"ன்னாங்க :-) கிழக்கு ஜன்னலுக்கு நேர் கீழ அந்த ஸ்பீக்கர், வருஷக்கணக்கா கடல்காத்து. உப்பும் ஈரமும் செம்புல பட்டுப் பட்டு வர்ற பச்சை அது. மின்சாரம் சரியாப் பாயாது. நல்ல தொடர்பு இருக்கற கம்பி இழை ரெண்டு மூணுதான் பாக்கி, அதுவும் அதிர்ந்தா நழுவிடும்.

புளி போடல. கெட்ட நுனியை வெட்டித் தள்ளி, புதுசா பளபளன்னு செம்பு தெரியற மாதிரி உரிச்சேன். கிளிப் உள்ளே மெல்லிசு உப்புத்தாளால தேய்ச்சு, கான்டாக்ட் கிளீனர் அடிச்சு மாட்டினேன். மத்த நாலு ஸ்பீக்கருக்கும் இதே வைத்தியம். ஸ்பீக்கரை ஜன்னல் கிட்டேர்ந்து நகர்த்தியாச்சு. புது வயர் செலவு பூஜ்யம்.

அம்மா முழு எபிசோடு பார்த்தாங்க. விளம்பரத்துல என் பக்கம் திரும்பி, "எனக்கே சந்தேகம் வந்துடுச்சுடா, செவிடாயிட்டேனோன்னு"ன்னாங்க. ஒரு வருஷமா அதை யார்கிட்டயும் சொல்லாம வச்சிருந்திருக்காங்க. தம்பி தலையைக் குனிஞ்சுக்கிட்டான். நானுந்தான்.

அடுத்த வாரம் காதையும் டெஸ்ட் பண்ணினோம். வயசாக ஆக முதல்ல மெல்லிய கீச்சொலிகள்தான் மங்கும், அதுலயும் பேச்சுதான் அடிபடும். அதனால ஸ்பீக்கர் சரியாயிடுச்சுன்னு டெஸ்ட்டை விட்டுடாதீங்க. அம்மாவுக்கு வயசுக்கேத்த கொஞ்சம் குறைவு, மெஷின் வேணாம்னுட்டாங்க.

டிஸ்கி: எல்லா ஸ்பீக்கரும் சேர்ந்து மௌனமானா கேபிள், செட்டிங், செட்டாப் பாக்ஸைப் பாருங்க. ஒண்ணு மட்டும்னா அதோட வயரை முதல்ல பாருங்க. ரிசீவரே அணைஞ்சு போனா வயர் இழை ரெண்டு ஒண்ணோட ஒண்ணு உரசுதான்னு பாருங்க. கடலோர ஊர்க்காரங்க வருஷத்துக்கு ஒரு தடவை நுனியை உரிச்சு மாட்டிடுங்க. வீட்டுல யாராவது கேக்கலன்னு சொன்னா, அவங்க பக்கத்துல போய் உக்காந்து ஒரு பத்து நிமிஷம் நீங்களும் கேளுங்க.