கூண்டு சொல்லும் மொழி

கடலோரத்தில் வாழ்வோர்க்கு வானம் வெறும் காட்சிப்பொருள் அன்று. நாள்தோறும் படித்தறிய வேண்டிய ஏடு. இராயபுரத்திலும் காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் பிறந்தோர் எழுத்தறியும் முன்னரே காற்றை அறிவர். வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து வருவது தென்றல், கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கோடை எனத் திசைக்கொரு பெயர் வைத்த மொழி நம்முடையது. 'மான்சூன்' என உலகம் வழங்கும் சொல்லோ, பருவம் எனப் பொருள்படும் 'மவ்சிம்' என்னும் அரபுச் சொல்லின் வழிவந்தது. காற்றை நம்பிக் கலம் செலுத்தியோர் அளித்த கொடை அது.

நம் இளமையில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வானொலி கூறும் செய்திக்கு வீடே செவிசாய்க்கும். "துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றப்பட்டது" என்றதும் பெரியவர்கள் ஓடுகளைச் சரிபார்ப்பர். மீனவர்கள் படகுகளை மேலேற்றுவர். ஆயினும் அவ்வெண்களின் பொருள் அறிந்தோர் சிலரே. முதல் இரண்டும் தொலைவில் உருவான புயற்சின்னத்தைக் குறிப்பவை. மூன்றும் நான்கும் துறைமுகத்திற்கே உரிய எச்சரிக்கை. ஐந்து முதல் ஏழு வரை அபாயம். எட்டு முதல் பத்து வரை பெரும் அபாயம். பதினொன்றாம் எண்ணோ, வானிலை மையத்தோடு தொடர்பு அற்றுப்போனதைச் சொல்வது. செய்தி வராமையே அச்சத்திற்குரிய செய்தி என உணர்த்தும் அவ்வெண் நம்மை எப்போதும் சிந்திக்க வைப்பதுண்டு.

இம்முறை எளிதில் பிறந்ததன்று. 1864ஆம் ஆண்டு கல்கத்தாவைப் புயல் அழித்த பின்னரே, அடுத்த ஆண்டில் அத்துறைமுகத்திற்கு எச்சரிக்கை முறை அமைந்தது. 1875இல் இந்திய வானிலை ஆய்வுத் துறை தோன்றியது. சென்னைத் துறைமுகப் பகுதியில் 2002 முதல் டாப்ளர் ராடார் மேகங்களை உற்றுநோக்கி வருகிறது.

கருவிகள் வளர்ந்தன, சொற்கள் மக்களைச் சேர்ந்தனவா? வகுப்பில் ஒருநாள் காசிமேட்டு மாணவர் ஒருவர், "ஐயா, 'ஓரிரு இடங்களில் கனமழை' என்கிறார்களே, எங்கள் தெரு அந்த ஓரிரு இடத்தில் சேருமா?" என வினவினார். வகுப்பு சிரித்தது, நமக்குச் சிரிப்பு வரவில்லை. ஒருநாள் மீன்பிடிக்குச் செல்லாவிடின் அவர் இல்லத்தில் அன்று வருவாய் இல்லை. வானிலைத் துறையின் வழக்கில் 'ஓரிரு இடங்கள்' என்பது ஒரு பகுதியின் மழைமானி நிலையங்களுள் கால்பங்கு வரையிலானவை. 'கனமழை' என்பது 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 6.5 முதல் 11.5 சென்டிமீட்டர் வரை. 20 சென்டிமீட்டரைக் கடந்தால் 'அதிகனமழை'. அளந்து வைத்த சொற்களை அலங்காரச் சொற்கள் எனக் கருதியே நாம் ஏளனம் செய்து வருகிறோம்.

'கரையைக் கடத்தல்' என்னும் தொடரும் இத்தகையதே. 2023 டிசம்பரில் 'மிக்ஜாம்' புயல் ஆந்திராவை நோக்கிச் செல்கிறது என்றதும் நம் தெருவில் பலர் அமைதியுற்றனர். அது பாபட்லா அருகே கரை கடந்தது டிசம்பர் 5ஆம் நாள். அதற்கு முன்பே, 3, 4 ஆகிய நாள்களில், கடலில் நின்றபடியே சென்னையை மூழ்கடித்துவிட்டது. வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதி எண்ணெயும் கலந்து எண்ணூர்க் கழிமுகத்தை அடைந்தது. வலையும் படகும் கறுத்தன. மீனவர் பிழைப்பு முடங்கியது. கரை கடக்கும் இடம் ஒரு புள்ளி. புயலின் கை நெடுந்தொலைவு நீளும்.

புயல் பல நாள் பயணம் செய்து வருவது. இடிமேகமோ சில மணி நேரத்தில் திரண்டு பொழிந்து மறைவது. ஆதலின் அதனை இடம் சுட்டி உரைப்பது அரிது. 2021 டிசம்பர் 30 அன்று சென்னையில் கொட்டிய மழை முன்கூட்டி உணரப்படவில்லை. ஐரோப்பாவிலும் இடிமழை அபாயத்தை உறுதிமொழியாகக் கூறாது, படிநிலைகளாகவும் வாய்ப்பளவாகவுமே வரைபடத்தில் குறிக்கின்றனர். இங்கும் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கைகள் அத்தகையனவே. 'வாய்ப்பு உண்டு' என்பது அறியாமையின் மழுப்பல் அன்று, அறிவின் அடக்கம். நாளையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் 'இன்ஷா அல்லாஹ்' எனச் சேர்த்துரைக்கும் நம் பெரியவர்களுக்கு இவ்வடக்கம் புதிதன்று. அவர்களே படகை இறுகக் கட்டவும் மறந்ததில்லை.

அன்பு மாணவர்களே! தமிழ் கற்றோர்க்கு இதில் பணி உண்டு. கூண்டு எண்களின் பொருளையும் மழையளவுச் சொற்களின் வரையறையையும் எளிய தமிழில் ஒரு தாளில் எழுதுங்கள். மீன் ஏலக்கூடத்திலும் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையிலும் தேநீர்க் கடைச் சுவரிலும் ஒட்டுங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் இதனைச் செய்து முடித்தல் நன்று.