கார் கூரையில் ஒரு முற்றம்

ஐப்பசி மழை. திருச்சியிலிருந்து ஸ்ரீரங்கம் திரும்பும் ஒரு கார், காவிரிப் பாலம் இறங்கி மாம்பழச் சாலையில் பிரேக் போடுகிறது. உடனே உள்விளக்குப் பக்கத்திலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் ஓட்டுபவர் மடியில்! சன்ரூஃப் என்னவோ இறுக்கமாக மூடித்தான் இருந்தது.

காருக்குச் சொந்தக்காரர் உத்திர வீதிக்காரர், ஓய்வுபெற்றவர். ரிடையர்மென்ட் பணத்தில் வாங்கிய கார். 'வானம் பார்க்கணும்' என்று மகள் அடம்பிடித்ததால் சன்ரூஃப் வைத்த மாடல். (பத்து லட்சத்துக்குள்ளேயே இப்போது கிடைக்கிறதே!) பயந்துபோய் ஒரு கடையில் விட்டார். கண்ணாடியைச் சுற்றி சிலிக்கான் பூசி, "இனி ஒரு சொட்டு வராது சார்" என்றார்கள். அடுத்த மழையில் சொட்டு வரவில்லை, ஒழுகியது. கார்பெட் ஊறி நாற்றமெடுக்க, வீட்டம்மா முன்சீட்டில் உட்கார மறுத்துவிட்டார். நாற்றத்தை விட மோசமான விஷயம், பல கார்களில் ஒயரிங்கும் கனெக்டர்களும் அந்தக் கார்பெட்டுக்கு அடியில்தான் ஓடுகின்றன. அங்கே தண்ணீர் தேங்கினால் செலவு எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது.

கடைசியில் பாலக்கரைப் பக்கம் ஒரு வயதான மெக்கானிக்.

"சார், உங்க வீட்டுல முற்றம் இருக்கா?"

"இருக்குப்பா. அதுக்கென்ன?"

"மழை பெஞ்சா தண்ணி உள்ள விழும்ல? எப்படி வெளிய போவுது?"

"தூம்பு வழியா."

"அதேதான் சார் இதுவும்."

விஷயம் இவ்வளவுதான். சன்ரூஃபைச் சுற்றியிருக்கும் ரப்பர் பெருமளவு தண்ணீரைத் தடுக்கும், முழுக்கத் தடுக்காது. அப்படித் தடுக்க வேண்டும் என்று அதை வடிவமைப்பதும் இல்லை. கசிந்து வருவதைக் கண்ணாடிக்குக் கீழே ஒரு தட்டு பிடித்துக்கொள்ளும். அதன் மூலைகளிலிருந்து மெல்லிய குழாய்கள் கிளம்பி, தூண்களுக்குள் இறங்கி, காருக்கு வெளியே தண்ணீரை விட்டுவிடும். குழாய் அடைத்தால் தட்டு நிரம்பும். பிரேக் போட்டால் நிரம்பியது முன்னால் சரியும். முற்றத்துத் தூம்பில் சருகு அடைத்தால் தண்ணீர் தாழ்வாரம் தாண்டிக் கூடத்துக்கு வருமே, அதே கதை.

இந்தக் காரில் அடைத்திருந்தது வேப்பம்பூ. பங்குனி, சித்திரையில் மரத்தடியில் நிறுத்தியபோது கொட்டிய பூ, தூசியோடு சேர்ந்து களிம்பாகி, ஆறு மாதம் காத்திருந்து ஐப்பசியில் வேலையைக் காட்டியிருக்கிறது!

தடித்த தூண்டில் நரம்பை மெதுவாக உள்ளே விட்டு, கொஞ்சம் கொஞ்சமாக வெந்நீர் ஊற்றி எடுத்தார் மெக்கானிக். கம்பி விட்டால் குழாய் கிழியும், கம்ப்ரஸர் காற்றை வேகமாக அடித்தால் உள்ளே எங்காவது இணைப்பு கழன்றுகொள்ளும், அப்புறம் கூரைத் துணியையே கழற்ற வேண்டியதுதான் என்றார். சரியானதா என்று பார்க்க, சன்ரூஃபைத் திறந்து ஒவ்வொரு மூலையிலும் அரை டம்ளர் தண்ணீர். முன்பக்கம் இரண்டும் சக்கரத்தருகே வடிந்தன. பின்னால் ஒன்று மட்டும் அடம்பிடித்தது, அதற்கு அரை மணி நேரம்.

கார்பெட்டைத் தூக்கிக் காயவைக்க மூன்று நாள் ஆனது. மழைக்காலத்தில் வெயிலுக்கு எங்கே போவது? கூடத்து ஃபேன்தான்.

வீட்டம்மா மறுபடி முன்சீட்டுக்கு வந்துவிட்டார். சிலிக்கானைச் சுரண்டியெடுக்கத்தான் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. கண்ணாடி ஓரத்தில் வெள்ளைக் கோடு இன்னும் போகவில்லை.