வீட்டிலேயே நின்ற சைக்கிள்

1/
சைக்கிள் வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்காக ஒரு நீண்ட இழை. கொஞ்சம் சொந்தக் கதை, கொஞ்சம் மருத்துவம், கொஞ்சம் சைக்கிள் கடை அனுபவம். பொறுமையா படிங்க. பணமும் மிச்சமாகலாம், முட்டியும் தப்பிக்கலாம்.

2/
மூணு வருஷம் முன்னாடி எனக்கு எச்பிஏ1சி 6.2 வந்தது. மூன்று மாத சர்க்கரையின் சராசரியைக் காட்டும் பரிசோதனை அது. 5.7 முதல் 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை. 6.5 தொட்டால் சர்க்கரை நோய். தினமும் வர்றவங்க எல்லாருக்கும் "நடங்க, நடங்க"ன்னு சொல்ற நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கிறதே இல்லை. பயந்துட்டேன்.

3/
அந்த வாரமே 24,000 ரூபாய்க்கு ஒரு சைக்கிள் வாங்கினேன். 21 கியர், முன்னாடி ஷாக் அப்சார்பர், டிஸ்க் பிரேக், புல்லட் டயர் மாதிரி தடிமனான டயர். கடையில் நான் கேட்ட ஒரே கேள்வி, "கறுப்பு கலர்ல இருக்கா?"

4/
மூணு வாரம் ஓட்டினேன். முட்டியின் முன்பக்கம் வலி. சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப் போச்சு. அப்புறம் வண்டி வராந்தாவில் நின்றது. ஒருநாள் என் மனைவி அதில் துண்டு காயப் போட்டுக்கொண்டே சொன்னாங்க: "கொடி கட்ட 24,000 ரூபாயா?" பதில் சொல்ல முடியலை.

5/
தப்பு சைக்கிளில் இல்லை. அதன் பிரேம் என் உயரத்துக்குப் பெரிசு. விழுந்துடுவோமோன்னு பயந்து சீட்டைத் தாழ்த்தி வெச்சிருந்தேன். சீட் தாழ்ந்தால் ஒவ்வொரு மிதியிலும் முட்டி அதிகமா மடங்கும். முட்டிச் சில்லுக்குப் பின்னால் அழுத்தம் ஏறும், வலிக்கும். ஹேண்டில்பார் எட்டத்தில் இருந்ததால் உடம்பு எடை முழுக்க உள்ளங்கையில் இறங்கி அங்கே ஓடும் நரம்பை அழுத்தியது. விரல் மரத்ததுக்கு அதுதான் காரணம்.

6/
இது எனக்கு உறைச்சது ஒரு நோயாளியால். அரிசி மண்டியில் கணக்கு எழுதுபவர், அம்பது வயசு தாண்டியவர். சர்க்கரை. குதிகால் வலியால் நடக்க முடியாது. "அப்ப ஒரு சைக்கிள் வாங்கி ஓட்டுங்கண்ணே" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டுட்டேன். அடுத்த வாரம் செல்போனில் ஒரு படத்தோடு வந்தார். "இது சரியா இருக்குமா டாக்டர்? 18,000 ரூபா. பன்னெண்டு மாசத் தவணை. நீங்க சொன்னீங்கன்னு பேசி வெச்சிருக்கேன்."

7/
சுருக்குனு இருந்தது. மாத்திரை எழுதும்போது விலை குறைவானதா பார்த்து எழுதுற நான், சைக்கிள்னு சொன்னப்ப அதோட விலையை யோசிக்கவே இல்லை. நான் வாய் போக்கில் சொன்ன ஒரு வார்த்தைக்காக அவர் வருஷம் முழுக்க தவணை கட்டத் தயாரா நிக்கிறார்.

8/
"வீட்ல பழைய சைக்கிள் ஏதும் கிடக்காண்ணே?"
"பொண்ணு பிளஸ் ஒன் படிக்கிறப்ப கவர்மென்ட்ல குடுத்தது இருக்கு டாக்டர். இப்ப அது காலேஜ் ஹாஸ்டல்ல இருக்கு. சைக்கிள் மாடிப்படிக்கு அடியில நிக்குது." கொஞ்சம் தயங்கிட்டு சொன்னார், "ஆனா அது லேடீஸ் சைக்கிள். நாலு பேரு சிரிப்பாங்க."

9/
மக்களே, இதை மட்டும் நினைவில் வெச்சுக்கோங்க. நாற்பத்தஞ்சு வயசுக்கு மேல் மறுபடி சைக்கிள் ஏறுபவருக்கு நடுவில் பார் இல்லாத சைக்கிள்தான் நல்லது. காலைத் தூக்கிப் பின்பக்கமா வீச வேண்டாம். நிலை தடுமாறினால் சட்டுனு இறங்கி நின்னுடலாம். ஹேண்டில்பார் உயரமா இருக்கும், முதுகு நிமிர்ந்து உட்காரலாம். அதை லேடீஸ் சைக்கிள் என்பது கடைக்காரர் வைத்த பேர். முட்டிக்கு ஆண், பெண் தெரியாது.

10/
பஞ்சர் கடைக்காரர் ஒருவரிடம் அனுப்பினேன். ரெண்டு டயர், டியூப், பிரேக் கட்டை மாத்தி, ரிம்மில் கோட்டம் எடுத்து, ஓவராயில் செய்து மொத்தம் 1,850 ரூபாய். பொண்ணைவிட இவர் உயரம் என்பதால் சீட் கம்பி மட்டும் நீளமா ஒண்ணு போட்டார். தவணை ரத்து.

11/
வீட்டில் சைக்கிள் இல்லாதவங்க என்ன பார்க்கணும்?
முதலில் அளவு. பார் உள்ள சைக்கிள்னா, ரெண்டு காலும் தரையில் ஊன்றி நிற்கும்போது பாருக்கும் உடம்புக்கும் நடுவில் ரெண்டு விரக்கடையாவது இடைவெளி வேணும்.
அடுத்து சீட் உயரம். செருப்பைப் போட்டுக்கொண்டு சீட்டில் உட்காருங்க. பெடலைக் கீழே இறக்கி அதன் மேல் குதிகாலை வைங்க. கால் நேரா நீளணும். அப்புறம் முன்பாதத்தால் மிதித்தால் முட்டி லேசா மடங்கியிருக்கும். அதுதான் உங்க உயரம்.
முட்டியின் முன்னால் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்வு. பின்னால் வலித்தால், இடுப்பு இடமும் வலமும் ஆடினால், சீட் அதிக உயரம்.

12/
கியர் வேணுமா? நான் இருப்பது தஞ்சாவூர். கல்லணைக் கால்வாய்க் கரையில் எத்தனை தூரம் போனாலும் மேடு கிடையாது. இங்கே கியர் இல்லாத சைக்கிளே போதும். பழுதும் குறைவு. ஏற்காடு, ஊட்டி மாதிரி ஏத்தம் உள்ள ஊர்னா கியர் அவசியம்.
விலை குறைந்த சைக்கிளில் வரும் ஷாக் அப்சார்பர் தார் ரோட்டில் பெரிசா உதவாது, எடையைத்தான் கூட்டும். டிஸ்க் பிரேக்கும் கட்டாயமில்லை. சாதா ரிம் பிரேக் சரியா பிடிச்சா போதும், கட்டை மாத்துறதும் சுலபம். நடுத்தர அகலமுள்ள டயர், மட்காடு, கேரியர், பெல். இவ்வளவுதான் தேவை.

13/
பழைய சைக்கிள் வாங்கினா அஞ்சு விஷயம் பாருங்க.
பிரேமில் வெல்டிங் இடங்களில் விரிசல் இருக்கக் கூடாது.
சக்கரத்தைத் தூக்கிச் சுத்திவிட்டால் வளைஞ்சு ஆடக் கூடாது.
பெடல் கட்டையைப் பிடிச்சு இடவலமா ஆட்டினால் லொடலொடன்னு ஆடக் கூடாது.
பிரேக் பிடிச்சுத் தள்ளினால் சக்கரம் நகரக் கூடாது.
சீட்டும் ஹேண்டிலும் துருவில் இறுகிப் போகாமல் உயர்த்தித் தாழ்த்த வரணும்.
செயின், டயர், பிரேக் கட்டை தேய்ஞ்சிருந்தா பரவாயில்லை, மாத்திக்கலாம். பிரேம் போனா எல்லாம் போச்சு.

14/
டாக்டரா சில வார்த்தைகள்.
மாடி ஏறினால் நெஞ்சு அழுத்தம், மூச்சு வாங்கல் இருந்தால் முதலில் மருத்துவரைப் பாருங்க, அப்புறம் சைக்கிள்.
இன்சுலின் போடுபவர்களும் கிளிமிபிரைடு வகை மாத்திரை எடுப்பவர்களும் வெறும் வயிற்றில் கிளம்ப வேண்டாம். சட்டைப்பையில் குளுக்கோஸோ சர்க்கரையோ இருக்கட்டும்.
பாதம் மரத்தவர்கள் செருப்பு வேண்டாம், ஷூ போடுங்க. வந்ததும் பாதத்தைப் பாருங்க.
ஹெல்மெட் போடுங்க. இருட்டில் போனால் பின்னால் சிவப்பு விளக்கு.
பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரம் குறைந்தது 150 நிமிட மிதமான உடற்பயிற்சி. தினம் அரை மணி, வாரம் அஞ்சு நாள். பேச முடியணும், பாட முடியக் கூடாது. அந்த வேகம் போதும்.

15/
என் கறுப்பு சைக்கிளைப் பாதி விலைக்குக் கொடுத்துட்டேன். 3,000 ரூபாய்க்கு பார் இல்லாத ஒரு பழைய சைக்கிள் வாங்கினேன். என்னைப் பார்த்தும் ரெண்டு பேர் சிரிச்சாங்க, ஒரு வாரம். போன மாசம் எச்பிஏ1சி 5.8. சைக்கிள் மட்டும்தான் காரணம்னு சொல்ல மாட்டேன். ராத்திரி சாப்பாட்டையும் குறைச்சிருக்கேன்.

16/
மண்டி அண்ணனுக்கு மாத்திரை இன்னும் தொடருது. ஆனா தினமும் வேலைக்கு அந்த சைக்கிளில்தான் போறார். போன தடவை வந்தப்ப ஒரு புகார் வெச்சார்: "லீவுக்கு வந்த பொண்ணு, என் சைக்கிளைக் குடுப்பாங்குது டாக்டர். நான் குடுக்கல."

17/
கடைக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு தடவை உங்க மாடிப்படிக்கு அடியில் எட்டிப் பாருங்க. ஒண்ணு நின்னுகிட்டு இருக்கலாம்.