மூணரை நூல்

எண்பதுகளில் கோயம்புத்தூர் உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளில் எல்லாமே எடைக்குத்தான். பல்சக்கரம், புல்லி, ஷாப்ட், தேய்ந்த பேரிங், உடைந்த பம்பு என எது வந்தாலும் தராசில் ஏறி இறங்கிவிடும். நல்ல ஸ்பேனர் மட்டும் ஏறாது. அதைக் கழிவுப் பஞ்சால் துடைத்து, மேலே பொறித்திருக்கும் எழுத்தைப் பார்த்து, கடைக்காரர்கள் உள்ளே மரப்பெட்டியில் போட்டுவிடுவார்கள். கேட்கத் தெரிந்தவர்களுக்குத்தான் அந்தப் பெட்டி திறக்கும்.

அப்பா மில்லில் பிட்டர். லீவு நாளில் என்னை சைக்கிள் கேரியரில் உட்கார வைத்துக்கொண்டு உக்கடம் போவார். சட்டைப் பையில் ஒரு நட்டு இருக்கும். அளவை வாயால் சொல்லி ஸ்பேனர் வாங்குவதில் அவருக்கு நம்பிக்கை இல்லை. பெட்டியிலிருப்பதை ஒவ்வொன்றாக எடுத்து நட்டில் மாட்டி, லேசாக ஆட்டிப் பார்ப்பார். ஆடினால் கீழே வைத்துவிடுவார். ஆடாமல், இறுக்கவும் செய்யாமல் உள்ளே போய் உட்கார்ந்தால், அதற்கப்புறம்தான் விலைப் பேச்சு.

"பாய், மூணரை நூல் ரிங் ஸ்பேனர் இருக்குங்களா?"

"என்ன மெசினுங்க?"

"ரிங் பிரேமுங்க. பிளாட் கம்பெனி."

"சண்டைக்கு முந்தினதுங்களா, பிந்தினதுங்களா?"

ஒரு நட்டைக் கழற்றுவதற்கு உலகப்போரை ஏன் விசாரிக்கிறார் என்று சின்ன வயதில் எனக்குப் புரியவில்லை. அப்பா போகிற வழியில் சைக்கிள் மிதித்துக்கொண்டே சொல்லிக்கொடுத்தார். இஞ்சுக்கு எட்டு நூல். மூணரை நூல் என்றால் பதினாறில் ஏழு பங்கு, அதாவது 7/16 இஞ்ச். இது போல்ட்டின் தண்டு கனம். விட்வொர்த் ஸ்பேனரில் பொறித்திருப்பதும் இந்தக் கனம்தான். ஸ்பேனர் வாயின் அகலம் அல்ல. 7/16 என்று போட்ட ஸ்பேனரின் வாயை அளந்தால் 0.820 இஞ்ச் இருக்கும். போர்க்காலத்தில் இரும்பை மிச்சம் பிடிக்க பிரிட்டனில் நட்டின் தலையை ஒரு படி சின்னதாக்கினார்கள். போல்ட் அதே மூணரை நூல், மரையும் அதே மரை. ஆனால் தலைக்கு 0.710 வாய் போதும். அது பழைய கணக்கில் மூணு நூல் ஸ்பேனர். ஆகவே மெஷினின் வயது தெரியாமல் ஸ்பேனர் கொடுக்க முடியாது. பாய் கேட்ட கேள்வியைப்போலத் துல்லியமான தொழில் கேள்வியை அதற்குப் பிறகு நான் அதிகம் கேட்டதில்லை.

அந்த நட்டுகள் கோயம்புத்தூருக்கு வந்த வழி நீளமானது. 1888-ல் ராபர்ட் ஸ்டேன்ஸ் இங்கே நூற்பு மில்லைத் தொடங்கினார். 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் மில்கள் வரிசையாக எழும்பின. மெஷின்களெல்லாம் லங்காஷயர் சரக்கு: ஓல்டாமிலிருந்து பிளாட் பிரதர்ஸ், போல்டனிலிருந்து டாப்சன் அண்ட் பார்லோ, அக்ரிங்டனிலிருந்து ஹோவர்டு அண்ட் புல்லோ. ஜோசப் விட்வொர்த்தின் தொழிற்சாலை இருந்த மான்செஸ்டர் இந்த ஊர்களுக்கெல்லாம் பக்கத்தில்தான். ஒவ்வொரு பட்டறையும் தன் மனம்போல மரை வெட்டிக்கொண்டிருந்த காலத்தில், அவர் பல பட்டறைகளின் போல்ட்டுகளைத் திரட்டி, அளந்து, சராசரி எடுத்தார். மரையின் கோணம் 55 பாகை, இன்ன கனத்துக்கு இஞ்சுக்கு இத்தனை மரை என்று 1841-ல் ஒரு முறையை முன்வைத்தார். நூறு வருஷம் கழித்தும் பீளமேட்டிலும் சிங்காநல்லூரிலும் பிட்டர்கள் அவர் கணக்கில்தான் நட்டு முடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

மில் சரக்கு மட்டும் என்றால் வேலை சுலபம். உக்கடத்துக்கு எல்லாமே வந்தது. வால்பாறை, குன்னூர் தேயிலை பாக்டரிகளிலிருந்து மார்ஷல் ரோலரின் உதிரிகள் இறங்கும். கிணற்று மேட்டிலிருந்து ரஸ்டன், லிஸ்டர் இன்ஜின்கள் வரும். அம்பாசடர் காரும் இஞ்சுதான். ஆனால் அது வேறு இஞ்ச். அதன் ஸ்பேனரில் ஏஎப் என்று போட்டிருக்கும், அதில் சொல்வது வாயின் அகலம். பியட் காருக்கு மில்லிமீட்டர். லேலண்ட் லாரிக்கு வைத்த ஸ்பேனர் டாட்டா பென்ஸுக்கு ஆகாது. 'அரை இஞ்ச் ஸ்பேனர் எடு' என்று சொன்னால், விட்வொர்த்தில் ஏறக்குறைய இஞ்ச் அகலத்துக்கு வாய் பிளந்த ஸ்பேனர் வரும். ஏஎப்பில் சரியாக அரை இஞ்ச் வாயுள்ள சின்ன ஸ்பேனர் வரும். பட்டறையில் புதுப் பையன் தடுமாறுவது இங்கேதான்.

மரையிலும் சூது உண்டு. அமெரிக்க முறையில் கோணம் 60 பாகை. பல கனங்களில் இஞ்சுக்கு மரை எண்ணிக்கை ஒன்றே என்பதால் அமெரிக்க போல்ட்டை விட்வொர்த் நட்டில் கையாலேயே ஏற்றிவிடலாம், பிடித்ததுபோலவும் இருக்கும். நாலு நூலில் மட்டும் விட்வொர்த்துக்குப் பன்னிரண்டு மரை, அமெரிக்கருக்குப் பதிமூன்று. நாலைந்து சுற்றில் மாட்டிக்கொள்ளும். அங்கே நிறுத்தாமல் பலத்தைக் காட்டுகிறவன் மரையை அழித்துவிடுவான். பாய் கடையில் எந்த போல்ட்டையும் முதலில் மரை கேஜில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார்கள்.

பெட்டியிலிருந்த ஸ்பேனர்களில் அப்பாவுக்கு மிகவும் பிடித்தது கிங் டிக். மெல்லிய உடம்பு, ஆனால் வளையாது. மிலிட்டரி டிஸ்போசலில் வந்தவற்றில் அம்புக்குறி குத்தியிருக்கும். பிரிட்டிஷ் சர்க்கார் சொத்து என்பதற்கான அடையாளம் அது. ஒரே வாயில் 3/8 டபிள்யூ, 7/16 பிஎஸ் என்று இரண்டு அளவு பொறித்திருப்பதை அவர் விரலால் தடவிக் காட்டுவார். பிஎஸ்எப் என்ற நெருக்க மரைக்கு நட்டுத் தலை ஒரு படி சின்னது. அதனால் ஒரு வாய்க்கு இரண்டு பெயர்.

ஸ்க்ரூ ஸ்பேனரை அவர் தொடமாட்டார். அதன் வாய் எத்தனை இறுக்கினாலும் கொஞ்சம் நெகிழும், நட்டின் ஆறு பட்டையும் மழுங்கும், அப்புறம் உளியும் சுத்தியலும்தான். ஓடுகிற மெஷினில் மழுங்கிய நட்டு இருந்தால் அதற்கு முன்னால் வேலை பார்த்தவரின் லட்சணம் தெரிந்துவிடும் என்பார். இதில் நான் முழுக்க அவர் கட்சி. நூறு வருஷத்து நட்டு ஒன்று ஆறு மூலையும் கூராக இருக்கிறது என்றால், அத்தனை வருஷமும் அதைத் தொட்ட ஒவ்வொருவரும் சரியான ஸ்பேனரைத் தேடி எடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அவர்களில் ஒருவர் பெயரும் எங்கும் எழுதப்படவில்லை.

மில்லிமீட்டர் சத்தமில்லாமல் வந்தது. 1956-ல் எடை, அளவுச் சட்டம். 1962-ல் சுவிட்சர்லாந்து ரீட்டர் கம்பெனியின் கூட்டோடு லட்சுமி மெஷின் வொர்க்ஸ் இங்கேயே நூற்பு மெஷின் செய்யத் தொடங்கியது. தொண்ணூறுகளில் பழைய மில்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டபோது ரிங் பிரேம்கள் கட்டிங் டார்ச்சால் துண்டுபட்டு லாரி லாரியாக உக்கடம் வந்தன. கூடவே டூல் ரூம் அலமாரிகளும் வந்தன. பாய் கடைப் பெட்டி அப்போதுதான் நிரம்பி வழிந்தது. வாங்க வேண்டிய பிட்டர்கள் எல்லாம் வேலை இழந்து, வாட்ச்மேனாகவும் மளிகைக் கடையில் பொட்டலம் மடிக்கவும் போயிருந்தார்கள். ஸ்பேனர்களும் தராசில் ஏறத் தொடங்கியது அந்த வருஷங்களில்தான். எனக்கு இன்றுவரை ஆறாத விஷயம் அது.

இப்போது மேம்பாலமும் வந்து தெருவின் முகமே மாறிவிட்டது. மிச்சமிருக்கும் கடைகளில் விட்வொர்த் கேட்டு வருபவர்கள் பழைய புல்லட் வைத்திருக்கும் இளைஞர்களும், எப்போதாவது மலையிலிருந்து இறங்கி வரும் தேயிலை பாக்டரி பிட்டர்களும்தான். கிடைக்காதவர்களுக்கு நான் சொல்வது இது. 3/8 விட்வொர்த்துக்கு 18 மில்லிமீட்டர் ஸ்பேனர் ஏறக்குறையச் சேரும். 7/16-க்கு 21 பிடிக்கும். தொந்தரவு கால் இஞ்ச் விட்வொர்த்தில்தான். அதன் தலை 13.3 மில்லிமீட்டர். 13 நுழையாது, 14 மூலையைத் தின்றுவிடும். ஒரு நல்ல 13-ஐ எடுத்து அரத்தால் இரண்டு தாடையிலும் சமமாக ராவ வேண்டும். கிரைண்டரில் பிடித்தால் சூடேறி டெம்பர் போய்விடும். தோட்டத்து லிஸ்டருக்கு அப்படி ஒன்று செய்து, 13 என்ற எழுத்தை ராவி எடுத்துவிட்டு, எழுத்துப் பஞ்சால் 1/4 டபிள்யூ என்று குத்தி வைத்திருக்கிறேன், அடுத்து எடுக்கிறவர் குழம்பக் கூடாது என்று.