மூன்றாவது கையுறை



உங்கள் போதகர் கம்பளி நூற்கண்டும் ஊசிகளுமாக உட்கார்ந்திருப்பதைச் சபை மண்டபத்தில் சிலர் கண்டிருக்கிறீர்கள். "ஐயாவுக்கு இது எப்போதிருந்து?" என்று என் மனைவியிடம் கேட்டவர்களும் உண்டு. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல நான் இரண்டு குளிர்காலங்கள் எடுத்துக்கொண்டேன். பின்னல் வேலையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் என் பழைய குற்றம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும் என்பதே தாமதத்திற்குக் காரணம். இந்த வாரம் இரண்டையும் சொல்லிவிடுகிறேன்.

திருநெல்வேலிச் சீமையில் பிறந்தவனுக்குக் கம்பளி என்பதே அந்நியமான பொருள். ஆனால் நூலும் ஊசியும் எங்கள் சபைகளுக்கு அந்நியமல்ல. 19-ஆம் நூற்றாண்டில் இடையன்குடியில் எலைசா கால்டுவெல் அம்மையார் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அந்த வேலை பல வீடுகளில் அடுப்பெரிய உதவியது. என் பாட்டியின் வீட்டிலும் பலிபீடத் துணிக்கென்று லேஸ் பின்னுவார்கள். அது பெண்களின் வேலை என்றே நான் எண்ணி வளர்ந்தேன். ஐம்பது வயதைக் கடந்தபின், டொராண்டோவின் பனிக்காலத்தில், அந்த எண்ணத்தையும் கர்த்தர் என்னிடமிருந்து அவிழ்த்தெடுத்தார்.

இந்த நாட்டின் பல திருச்சபைகளில் வருகைக்காலத்தில் ஒரு மரம் வைக்கும் வழக்கம் இருக்கிறது. அதில் பொம்மைகளும் விளக்குகளும் தொங்குவதில்லை. கையுறைகள், குல்லாக்கள், கழுத்துத் துணிகள் ஆகியவையே தொங்கும். பண்டிகை முடிந்ததும் அவை குளிரில் வாடுகிறவர்களுக்குப் போய்ச் சேரும். அந்த மரத்திற்கென்று ஆண்டுதோறும் பின்னித் தருகிற ஒரு மூத்த தாயார் நம்மிடையே இருக்கிறார். முற்காலத்தில் நுவரெலியாவில் ஆசிரியையாக இருந்தபோது அந்த மலைக் குளிரில் கற்றுக்கொண்ட கை அது. ஒரு செவ்வாய்க்கிழமை அவருடைய வீட்டிற்கு ஜெபிக்கச் சென்றிருந்தேன். ஜெபம் முடிந்து நான் கடிகாரத்தைப் பார்த்ததை அவர் பார்த்துவிட்டார். "பாஸ்டர், நீங்கள் எப்பவும் எழும்பிப் போகத்தான் வாறீங்கள். ஒருநாளைக்கு இருக்க வாங்கோ" என்றார். சொன்னதோடு நில்லாமல் ஒரு ஜோடி ஊசியையும் என் கையில் தந்தார்.

விரல்களைத் தனித்தனியாகப் பிரிக்கிற கையுறையைவிட, நான்கு விரல்களும் ஒரே அறையில் இருக்க, கட்டைவிரல் மட்டும் தனியே நிற்கிற மிட்டன் அதிகச் சூடு தரும் என்பதை அவரிடம்தான் கற்றேன். தனித்து நிற்கிற விரல் தன் சூட்டைச் சுற்றிலுமுள்ள காற்றுக்கு இழந்துவிடுகிறது. சேர்ந்திருக்கிற விரல்களோ ஒன்றின் சூட்டை ஒன்று காத்துக்கொள்கின்றன. தனித்திருப்பவனுக்கு எப்படிச் சூடு உண்டாகும் என்று பிரசங்கி நான்காம் அதிகாரத்தில் கேட்கிறாரே, அவர் பனிநாட்டுக்காரராக இல்லாமலேயே அதை அறிந்திருந்தார். கம்பளிக்கும் ஒரு விசேஷம் உண்டு. தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை அது உள்வாங்கிக்கொள்ளும். அப்போதும் தொட்டால் நனைந்ததாகத் தெரியாது. பனியை உருண்டை பிடித்து விளையாடுகிற பிள்ளைகளின் கைகளுக்கு அது ஏற்றது.

நான்கு வயதுக் குழந்தைக்கான கையுறையை 32 கண்ணிகளில் தொடங்கலாம். மணிக்கட்டில் இரண்டு கண்ணி நேராகவும் இரண்டு கண்ணி புரட்டியும் பின்னினால் அது நெகிழ்ந்து கொடுத்துப் பிடித்துக்கொள்ளும். பிறகு கட்டைவிரலுக்கு இடம் வேண்டும். அதற்காக ஓரிடத்தில், சில வரிகளுக்கு ஒருமுறை, இரு பக்கமும் ஒவ்வொரு கண்ணியாகக் கூட்டிக்கொண்டே போகவேண்டும். போதுமான அகலம் வந்ததும், அந்தக் கண்ணிகளை ஒரு துண்டு நூலில் கோத்துத் தனியே நிறுத்திவிட்டு உள்ளங்கையைத் தொடர்ந்து பின்னுகிறோம். உச்சியில் கண்ணிகளைக் குறைத்து, மீந்தவற்றின் ஊடாக நூலைச் செலுத்தி இழுத்து மூடுகிறோம். அதன்பிறகே காத்திருந்த கட்டைவிரலிடம் திரும்பி வருகிறோம். துண்டு நூலில் கோத்து வைத்தது மறந்துபோனதல்ல. அதற்குரிய வேளை பின்னால் வருகிறது.

என் முதல் கையுறையில் பிழை நேர்ந்தது. கட்டைவிரலுக்கு இரு பக்கமும் கூட்டவேண்டிய கண்ணிகளை ஒரே பக்கத்தில் கூட்டிவிட்டேன். பத்துப் பன்னிரண்டு வரி கடந்தபின்தான், அது ஒருபுறம் சாய்ந்து நிற்பதைக் கண்டேன். குழந்தைக்கு என்ன தெரியப்போகிறது, இப்படியே முடித்துவிடலாம் என்றேன். அந்தத் தாயார் வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மேலால எவ்வளவு வடிவாப் பின்னினாலும் இது நேராகாது பாஸ்டர். பிழை விட்ட வரிக்குத்தான் திரும்பிப் போகவேணும்."

சொல்லிவிட்டு, ஊசியை உருவி, நூலைப் பிடித்து இழுத்தார். மூன்று மாலைப்பொழுதுகளின் வேலை ஒரு நிமிடத்தில் அவிழ்ந்தது. என் மடியில் விழுந்த நூல் நேராக இல்லை. ஒவ்வொரு கண்ணியின் வளைவையும் அது தன்னில் வைத்திருந்தது. அதை நாற்காலியின் முதுகில் சுற்றி, நான்கு இடங்களில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துத் தொங்கவிடவேண்டும் என்றார். உலர்ந்தபோது சுருள்கள் பெரும்பாலும் நீங்கியிருந்தன. முற்றிலும் நீங்கவில்லை, ஆனாலும் மறுபடியும் பின்னுவதற்கு அது போதும்.

பிழை விட்ட வரிக்குத் திரும்பிப் போகவேண்டும். அந்த வார்த்தையோடு நான் வீட்டிற்கு வந்தேன். அன்றிரவு நித்திரை வரவில்லை. ஏனென்றால் அந்த வரி எது என்று எனக்குத் தெரியும்.

நாங்கள் இந்நாட்டிற்கு வந்த முதல் குளிர்காலம் அது. மகனுக்கு ஏழு வயது. கையில் பணம் இல்லாத நாட்கள். அவனுக்கு வாங்கிக் கொடுத்த கையுறைகளில் ஒன்றைப் பள்ளியில் தொலைத்துவிட்டு வந்தான். மறுபடியும் வாங்கினோம். ஒரு வாரத்திற்குள் அதிலும் ஒன்று போயிற்று. "பொருளின் அருமை தெரியட்டும்" என்று சொல்லி, மறுநாள் காலை ஒற்றைக் கையுறையோடு அவனை அனுப்பினேன். மைனஸ் 20 டிகிரிக் குளிர். என் மனைவி தன் கையுறையைக் கழற்றி அவனிடம் நீட்டினாள். நான் தடுத்தேன். தகப்பனின் கண்டிப்பு என்று அதற்குப் பெயர் வைத்தேன். வேதத்திலிருந்து அதற்கு ஆதாரமும் வைத்திருந்தேன்.

மாலையில் அவன் திரும்பி வந்தபோது இடது கையின் விரல் நுனிகள் வெளிறி மரத்துப்போயிருந்தன. அவன் தாய் அவற்றை வெதுவெதுப்பான நீரில் வைத்தாள். உணர்வு திரும்பும்போதுதான் வலி வரும். பிள்ளை அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது. விரல்களுக்கு நிலையான சேதம் எதுவும் ஏற்படவில்லை. அதையே சாக்காக வைத்து, ஒன்றும் ஆகவில்லையே என்று நான் என் படிப்பறைக்குள் போய்விட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை பிதாவின் அன்பைக் குறித்துப் பிரசங்கித்தேன்.

பிள்ளைகளைக் கோபப்படுத்தாதிருக்கும்படி எபேசு சபைத் தகப்பன்மாருக்குப் பவுல் எழுதியதை நான் எத்தனையோ திருமண ஆராதனைகளில் எடுத்துச் சொல்லியிருக்கிறேன். என் மகனிடம் மட்டும், இருபத்துமூன்று ஆண்டுகளாக, அந்த நாளைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவன் வளர்ந்தான், படித்தான், ஒட்டாவாவில் வேலைக்குச் சேர்ந்தான், மணமுடித்தான். எங்களுக்குள் சண்டை இல்லை. பண்டிகைக்கு வருவான், தொலைபேசியில் அம்மாவிடம் நெடுநேரம் பேசுவான், என்னிடம், "சாப்பிட்டீர்களா அப்பா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவான். நான் அதன்மேல் அழகழகாய்ப் பின்னிக்கொண்டே போனேன். கல்லூரிக் கட்டணம், திருமணச் செலவு, பேத்திக்குப் பரிசுகள். எதுவும் நேராக்கவில்லை.

இந்த இடத்தில் நான் அடிக்கடி நினைக்கிற ஒரு சித்திரத்தைச் சொல்ல விரும்புகிறேன். ஜெர்மனியின் ஹம்பர்க் நகரக் கலைக்கூடத்தில் பூக்ஸ்டஹூட பலிபீடச் சித்திரங்கள் இருக்கின்றன. ஏறக்குறைய 1400-ஆம் ஆண்டளவில் மாஸ்டர் பெர்ட்ராமின் பட்டறையில் வரையப்பட்டவை. அவற்றில் ஒன்றில் மரியாள் உட்கார்ந்து, குழந்தை இயேசுவுக்கு ஒரு சட்டை பின்னிக்கொண்டிருக்கிறாள். நான்கு ஊசிகளில், வட்டமாக, கழுத்துப் பகுதியை முடிக்கிற நிலையில் வேலை இருக்கிறது. அருகே பிள்ளை புத்தகத்தோடு இருக்கிறார். தேவதூதர்கள் சிலுவையையும் ஈட்டியையும் ஏந்தி வந்து நிற்கிறார்கள். சிலுவையின் கீழே சேவகர் சீட்டுப்போட்டது தையலில்லாத அங்கிக்காக என்று யோவான் 19-ஆம் அதிகாரம் சொல்வதை அந்த ஓவியர் நினைத்திருக்கவேண்டும். வட்டமாகப் பின்னிய சட்டைக்குத் தையல் இல்லை. பிள்ளைக்கு வரப்போகிற குளிரை அந்தத் தாயால் தடுக்க முடியாது. ஆயினும் அவள் பின்னுகிறாள். பெற்றோராயிருப்பதற்கு அதைவிட உண்மையான படத்தை நான் கண்டதில்லை. நானோ, தடுக்கக்கூடிய குளிருக்குள் என் பிள்ளையை அனுப்பினவன்.

அவிழ்த்துக் கழுவிய அதே நூலில் என் பேத்திக்குக் கையுறை பின்னினேன். இரண்டு முடிந்தன. அதன்பிறகு மூன்றாவது ஒன்றையும் பின்னினேன். இவ்வகைக் கையுறையில் இடது வலது இல்லை. எந்தக் கைக்கும் பொருந்தும். ஒன்று தொலைந்தால் மற்றொன்று ஆயத்தமாயிருக்கும். முதல் இரண்டையும் ஒரு நீண்ட கயிற்றால் இணைத்தேன். மேலங்கியின் ஒரு கை வழியாக நுழைத்து, முதுகுப்புறமாகக் கொண்டுபோய், மறு கை வழியாக வெளியே எடுத்தால், குழந்தை கழற்றிப் போட்டாலும் கையுறை கீழே விழாது. இந்த ஊர்த் தாய்மார் காலங்காலமாய்ச் செய்துவருவது இது. ஒரு முழம் கயிறுகூட அன்று எனக்குத் தோன்றவில்லை. தண்டனை மட்டுமே தோன்றிற்று.

பொதிக்குள் ஒரு கடிதம் வைத்தேன். விளக்கம் எழுதிய முதல் இரண்டு கடிதங்களையும் கிழித்துப் போட்டேன். வறுமை, புது நாடு, என் தகப்பனார் என்னை வளர்த்த விதம் என்று அவை நீண்டிருந்தன. மூன்றாவது கடிதத்தில், "மகனே, அன்று காலை நான் செய்தது தவறு. உன் கை வலித்தபோது நான் உன் அருகில் இருந்திருக்க வேண்டும். என்னை மன்னித்துவிடு" என்று மட்டும் எழுதினேன். பலிபீடத்தில் காணிக்கையை வைத்துவிட்டு முதலில் சகோதரனிடம் போகச் சொன்ன ஆண்டவர், மகனிடம் போகவேண்டாம் என்று விலக்கு ஒன்றும் அளிக்கவில்லை.

பத்து நாள் எந்தப் பதிலும் இல்லை. பிறகு பேத்தியின் புகைப்படம் ஒன்று வந்தது. இரு கைகளிலும் கையுறை, முகமெல்லாம் பனி. கீழே ஒரு வார்த்தையும் இல்லை. கடிதத்தைப் பற்றி அவன் எதுவும் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. மன்னிப்பைக் கேட்பது என் கடமை. அது எந்த நாளில் கிடைக்கவேண்டும் என்று சொல்வது என் உரிமையல்ல.

கிறிஸ்துமஸுக்கு வந்தபோது, இரவு சாப்பாட்டிற்குப் பிறகு, நான் பின்னிக்கொண்டிருந்த இடத்திற்கு வந்து எதிரே உட்கார்ந்தான். சற்று நேரம் ஊசிகளையே பார்த்துக்கொண்டிருந்தான். "பெரியவர்கள் அளவிலும் பின்னுவீர்களா அப்பா?" என்று கேட்டான். அளவு வேண்டும் என்றேன். மேசைமேல் ஒரு தாளை வைத்து, தன் இடது கையை அதன்மேல் விரித்து வைத்தான். நான் பென்சிலால் அதைச் சுற்றி வரைந்தேன். அவன் ஏழு வயதிலிருந்தபோது பற்றியிருக்க வேண்டிய கை அது. என் பென்சில் நடுங்கிற்று. அவன் கையை எடுக்கவில்லை.

பிரியமானவர்களே, உங்களில் பின்னத் தெரிந்தவர்கள் சிலரே. ஆனால் மேலே மேலே அழகாய்ப் பின்னிக்கொண்டு, கீழே இருக்கிற ஒரு வரியை மறைத்து வைத்திருப்பவர்கள் பலர் என்று அறிவேன். நான் அவர்களில் ஒருவன். பெற்றோரே, உங்கள் பிள்ளைகளிடம் நீங்கள் கேளாத மன்னிப்பு ஒன்று இருக்குமானால், அவர்கள் பெரியவர்களாகிவிட்டார்கள் என்று தள்ளிவைக்காதிருங்கள். விளக்கங்களை விட்டு, அந்த ஒரு வரிக்குத் திரும்பிப் போங்கள். அவிழ்ந்த நூலில் சுருள் இருக்கும். கழுவித் தருகிறவர் இருக்கிறார். காத்திருக்கும் கண்ணியை அவர் மறப்பதில்லை.

இந்த வாரம் கையுறை மரம் மண்டபத்தில் வைக்கப்படும். கொண்டுவருகிறவர்கள் ஜோடியாகக் கொண்டுவாருங்கள். கூடுமானால் மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்துக் கட்டுங்கள். தொலைக்கப்போகிற பிள்ளைக்காக முன்கூட்டியே ஒன்றை ஆயத்தமாக வைத்திருப்பதைத்தான் நம் பிதா நமக்குச் செய்திருக்கிறார்.

கர்த்தர்தாமே உங்கள் வீடுகளில் சமாதானத்தைக் கட்டளையிடுவாராக. ஆமென்.